பீஸ் வேண்டாம்

நீங்க மிலிட்டரியா சார்? இல்லையே? முடியை இப்படி ஒட்ட வெட்டியிருக்கீங்களே என்று கேட்டேன். பேங்கா? நல்லது, உட்காருங்க. மிலிட்டரி என்று சொல்லியிருந்தால் இந்த பஸ்ஸில் கல்லேரி வரைக்கும் நான் எழுந்து நின்றுகொண்டே வந்திருப்பேன். எழுபத்திரண்டு வயசு, முட்டி தேய்ந்துபோனவன். இருந்தாலும் நின்றிருப்பேன். அவ்வளவு எரிச்சலில் இருக்கிறேன்.

என் பெயர் முனிரத்தினம். குடியாத்தம் பஜாரில் கட்பீஸ் கடை. மில்லில் மிச்சம் விழுகிற துண்டுத் துணியை எடைக்கு வாங்கி மீட்டருக்கு விற்கிற வியாபாரம். பதினோரு வயசில் தோளில் மூட்டை தூக்கினேன். பதினெட்டு வயசு வரைக்கும் ஈரோட்டுச் சந்தையில் என்னை ஏமாற்றாதவன் கிடையாது. அதற்கப்புறம் ஏமாற்றினவன் கிடையாது. எதிராளி வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி அவன் எந்த விலையில் இறங்குவான் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். யார் கையையும் எதிர்பார்க்காமல் முன்னுக்கு வந்தவன் சார் நான். இதை நல்லா மனசில் வெச்சுக்கோங்க. இப்போ நான் சொல்லப்போறதைக் கேட்டு, இந்தக் கிழவன் ஏமாளி என்று நினைச்சுடக் கூடாது.

என் தங்கச்சி நவநீதம் செத்து இன்றோடு இருபது நாள். புருஷன்காரன் சுபேதார் ஏகாம்பரம், ரிட்டையர்டு. கல்லேரியில் வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனைப் பார்த்து நாலு கேள்வி கேட்கத்தான் போகிறேன். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி.

நாலு நாளுக்கு முன்னால் பதினாறாம் நாள் காரியம். காலையில் சடங்கு முடிந்தது. பதினோரு மணிக்குப் படத்திறப்பு. முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துக்காரர்கள் அவன் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, மைக் வைத்து, 'வீரரின் துணைவி' என்று பேனர் கட்டியிருந்தார்கள். பேனரில் நவநீதம் என்கிற பெயர் எங்கே இருந்தது தெரியுமா? கீழே, டிஜிட்டல் கடைக்காரனுடைய போன் நம்பருக்குப் பக்கத்தில். அப்போதே எனக்குச் சுரீர் என்றது. பொறுத்துக்கொண்டேன்.

ஒவ்வொருத்தனாகப் பேசினான். தியாகம் என்றான், தேசம் என்றான். கடைசியில் ஏகாம்பரம் எழுந்தான். எப்போதும் வாயைத் திறக்காத ஆள் சார் அவன். அன்றைக்கு மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்கிறான், "நவநீதம் நல்ல பொம்பள. என் பொண்ண நல்லா வளர்த்தா. ஒரே ஒரு குறைதான். நான் கூப்பிட்டப்ப என்கூட வந்து இருக்கல. அண்ணன் வீடே போதும்னுட்டா. பரவாயில்ல, போகட்டும்."

போகட்டுமாம்! செத்துப்போனவள் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு!

எனக்கு ரத்தம் உச்சிக்கு ஏறிவிட்டது. எழுந்து நின்று கத்தினேன். "யோவ் மாப்ளே, பொய் பேசாதய்யா! பதினெட்டு வருஷ சர்வீஸ்ல ஒரு தடவையாவது அவள வான்னு கூப்பிட்டிருப்பியா? உன் சம்பளத்துக்கும் உன் பேருக்கும் அவ இங்க காவல் கெடந்தா. இப்ப மைக் கெடச்சதும் அவமேலயே பழியா?"

நான் கத்தினதில் என்ன தப்பு சார்? அவள் கிடந்த கிடப்பை நான்தானே பார்த்தேன். கல்யாணமாகி நாலாவது வருஷம் அவள் மாமியார் போய்ச் சேர்ந்ததும் கைக்குழந்தை சுகுணாவோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். பின்கட்டில் ஒரு அறை ஒதுக்கிக் கொடுத்தேன். தையல் மிஷின் வாங்கிப் போட்டேன். உள்பாவாடை தைப்பாள். வாரத்துக்கு ஆறு டஜன், ஏழு டஜன், தீபாவளி சமயத்தில் பத்து டஜன்கூடப் போகும். குடியாத்தம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர் வரைக்கும் முனிரத்தினம் கடை பாவாடை என்றால் தனிப் பெயர். அவளுக்கும் பொழுது போக வேண்டுமே. சும்மா உட்கார்ந்திருந்தால் கண்டதை நினைத்துக்கொண்டிருப்பாள். அதற்காகத்தான் கொடுத்தேன்.

தந்திக்காரன் சைக்கிள் தெருவுக்குள் நுழைந்தால் போதும், ஓடுகிற மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்திவிடுவாள். மூச்சு விட மாட்டாள். சைக்கிள் நம் வாசலைத் தாண்டிப் போன பிறகுதான் கையை எடுப்பாள். உள்ளங்கை கறுத்தே போய்விட்டது சார் அந்த இடத்தில். ஒரு தடவை கௌண்டன்யா ஆற்றில் வெள்ளம், சுகுணாவுக்கு டைபாய்டு. பிள்ளையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு மார்பளவு தண்ணீரில் நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். நான் ஈரோட்டில் இருந்தேன். திரும்பி வந்து கேட்கிறேன், "தந்தி அடிச்சிருக்கலாமே, அவன் வந்திருப்பானே?" "அவரு அங்க என்ன நெலமையில இருக்காரோ, இதப் போயி சொல்லுவாங்களாண்ணா" என்கிறாள். அவன் போட்டுவிட்டுப் போன காக்கிச் சட்டை ஒன்று உண்டு. செவ்வாய்க்கிழமை தவறாமல் அதை வெயிலில் போடுவாள், தேய்ப்பாள், திரும்ப ஆணியில் மாட்டுவாள். போடுகிறவன் வருஷத்துக்கு ஒரு தடவை வருவான். அவன் வருகிறதுக்குள் சட்டை வெளுத்துப் பஞ்சாகிப் போயிருக்கும்.

பள்ளிக்கூடத்தில் சுகுணாவோடு படித்த பெண்ணுடைய அப்பாவும் மிலிட்டரிதான். அவர் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சுகுணா வந்து அழுதாள். "நம்ம அப்பா மட்டும் ஏம்மா நம்மளக் கூப்பிடல?" இவள் என்ன சொன்னாள் தெரியுமா? "அப்பாவுக்குப் பெரிய வேலைடா கண்ணு. எங்க வேணா நிக்கச் சொல்வாங்க. நம்மள எங்க நிக்க வெப்பாரு?" அவனை ஒரு வார்த்தை விட்டுக்கொடுத்ததில்லை சார், ஒரு வார்த்தை!

அதனால்தான் கத்தினேன். ஏகாம்பரம் மைக்கைக் கீழே வைத்தான். "இருங்க மச்சான்" என்றான். உள்ளே போனான். இரும்புப் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு பழைய இன்லேண்டு லெட்டரைக் கொண்டுவந்து சுகுணா கையில் கொடுத்தான். "படிம்மா. எல்லாரும் கேக்கட்டும்."

சுகுணா ஓசூரில் டீச்சர். கணீர் என்று படிப்பாள். படித்தாள். 'பீஸ் வேண்டாம். இங்கே அண்ணன் இருக்கிறார், எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. எங்களுக்காகச் சிரமப்பட வேண்டாம். அதை வேறு யாருக்காவது கொடுத்துவிடவும். இப்படிக்கு நவநீதம்.'

முன் வரிசையில் உட்கார்ந்திருந்த பத்துப் பன்னிரண்டு மிலிட்டரித் தலையும் ஒரே நேரத்தில் குனிந்தது. பின்னால் இருந்த ஊர் ஜனம், "பீஸா? என்ன பீஸு?" என்று முணுமுணுத்தது.

உங்களுக்குப் புரிகிறதா சார்? புரியாது. எப்படிப் புரியும்? ஸ்கூலுக்குக் கட்டுகிறதும் பீஸ். துணியில் வெட்டுகிறதும் பீஸ். மிலிட்டரியில் இன்னொரு பீஸ் இருக்கிறது. எல்லையில், மலையில், சண்டை வரக்கூடிய இடத்தில் நிற்கிறதுக்கு ஃபீல்டு என்று பெயர். சண்டை இல்லாத ஊரில் இரண்டு மூன்று வருஷம் போட்டால் அது பீஸ். சமாதானம் என்று அர்த்தமாம். பீஸ் கிடைத்தால் பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொள்ளலாம். குவார்ட்டர்ஸ் தருவார்கள். தமிழில் எழுதினால் எல்லாம் ஒரே எழுத்துதானே சார்? ப-வுக்கு மேல் ஒரு சுழி, பக்கத்தில் ஒரு ஸ். எந்த மடையன் கண்டுபிடிப்பான்?

அவன் எழுதின லெட்டரைச் சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க. நவநீதம் மூணாம் வகுப்பு. கடை போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். அவனுடைய கிறுக்கல் அவளுக்கு ஓடாது. நான்தான் படிப்பேன், நான்தான் பதில் எழுதுவேன். எண்பத்து நாலாம் வருஷம். இப்போதும் எனக்கு வரிவரியாக ஞாபகம் இருக்கிறது. 'எனக்கு பீஸ் கிடைத்துவிட்டது. இனி மூன்று வருஷத்துக்குக் கவலை இல்லை. உனக்கும் பாப்பாவுக்கும் வேண்டுமானால் உடனே தெரிவிக்கவும். கேட்கிறவர்கள் நிறைய, இப்போதே எழுதிக்கொடுத்தால்தான் கிடைக்கும். கொஞ்சம் சின்னதுதான். ஆனாலும் நம் மூன்று பேருக்குப் போதும். உன் இஷ்டம்.'

நான் துணிக்காரன் சார். காலையில் கண் விழித்ததிலிருந்து பீஸ் பீஸ் என்று அதிலேயே புரள்கிறவன். எனக்கு என்ன தோன்றும்? மிலிட்டரி கேண்டீனில் துணி வந்திருக்கிறது. நல்ல டெரிகாட்டன், மூன்று வருஷம் உழைக்கும். பன்னா, அதாவது அகலம், கொஞ்சம் குறைச்சல், ஆனால் மூன்று பேருக்கு வெட்டலாம். இதில் என்ன சந்தேகம் வரும்? 'குவார்ட்டர்ஸ்' என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா? 'செகந்திராபாத்' என்று எழுதியிருக்கக் கூடாதா? ஊர் பெயர் எழுதக் கூடாதாம், ஆர்டராம். சரி, ஒழியட்டும். 'வா' என்று ஒரு எழுத்து! ஒரே ஒரு எழுத்து! அதற்குமா ஆர்டர்?

அதையும் பந்தலிலேயே கேட்டுவிட்டேன். அதற்கு அவன் தலையைக் குனிந்துகொண்டு சொல்கிறான், "நீங்க படிக்கிற லெட்டர்ல எம் பொண்டாட்டிய வாடின்னு எப்படி மச்சான் எழுதுவேன்?"

வெட்கமாம் சார்! சுபேதாருக்கு வெட்கம்!

சரி, நவநீதம் என்ன சொன்னாள் என்றுதானே கேட்கிறீங்க? சொல்கிறேன். நான் லெட்டரைப் படித்தபோது வாசல்படியில் உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். "திரும்பப் படிண்ணா" என்றாள். படித்தேன். "என்னை வேணுமான்னு கேட்டிருக்காரா? என்கிட்டயா?" என்றாள். முகம் எல்லாம் சிவந்துபோயிற்று. "அனுப்பச் சொல்லுண்ணா. பச்சையா இருந்தா நல்லாருக்கும்னு எழுது."

எனக்கு வந்ததே கோபம்! கடை முழுக்கத் துணி அடுக்கி வைத்திருக்கிறேன். முனிரத்தினம் தங்கச்சிக்குக் கேண்டீன் துணியா? பஜாரில் எவனாவது கேட்டால் சிரிக்க மாட்டானா? "பைத்தியமாடி நீ, உனக்குப் பச்சை வேணும்னா இதோ இந்த ரோலையே எடுத்துக்கோ" என்றேன். "இது நீ குடுக்கறதுண்ணா. அது அவரு கேட்டது" என்றாள். என்ன பேச்சு பாருங்க! நான் பேனாவை எடுத்தேன். வேண்டாம் என்று எழுதினேன். அவள் நல்லதுக்குத்தான் எழுதினேன்.

ஆமாம், அவளிடம் எழுதியாச்சு என்று மட்டும்தான் சொன்னேன். என்ன எழுதினேன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன். இரண்டு மாசம் தபால்காரனிடம் போய்ப் போய் நின்றாள். "பார்சல் ஏதாவது வந்திருக்கா?" "மிலிட்டரிக்காரன் மறந்திருப்பான், விடு" என்றேன். விட்டுவிட்டாள்.

அவன் அங்கே அதைப் படித்துவிட்டு, குவார்ட்டர்ஸை ஒரு மலையாளத்து ஹவில்தாருக்கு விட்டுக்கொடுத்தானாம். 'வேறு யாருக்காவது கொடுத்துவிடவும்' என்று பெண்டாட்டி எழுதிவிட்டாளே! அதற்குப் பிறகு எத்தனையோ லெட்டர் வந்தது. நலம், நலமறிய ஆவல், அவ்வளவுதான். லீவில் வருவான், முற்றத்தில் கட்டில் போட்டுப் படுப்பான், போய்விடுவான். ரிட்டையர் ஆகி முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தார்கள் சார். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன். மாத்திரை போட்டியா, போட்டேன். ஏன் கூப்பிடவில்லை என்று இவள் கேட்கவில்லை. ஏன் வரவில்லை என்று அவன் கேட்கவில்லை. இப்படியும் ஒரு புருஷன் பெண்டாட்டி! நானாக இருந்தால் முதல் நாளே சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பேன்.

என்ன சார் அப்படிப் பார்க்கிறீங்க? எனக்கு எப்போது தெரிந்தது என்றா? பந்தலில்தான்... வேறு எங்கே?

சரி சார். சரி. நீங்க பேங்க் ஆள், கையெழுத்தைப் பார்த்தே கள்ளக் கையெழுத்து என்று கண்டுபிடிக்கிறவர். எனக்கும் முகம் பார்க்கத் தெரியும், உங்களுக்கும் தெரியும். பேரம் வேண்டாம்.

எண்பத்தஞ்சு தீபாவளிக்கு ஒரு மாசம் இருக்கும்போது லீவில் வந்த ஒரு பட்டாளத்துப் பையன் கடைக்கு வந்தான். புதுப் பெண்டாட்டிக்குப் புடவை எடுத்தான். "எங்கே தம்பி இருக்கே?" என்று கேட்டேன். "பீஸ்ல இருக்கேண்ணே, ஃபேமிலியோட" என்றான். "பீஸ்லயா? அது என்னப்பா பீஸு?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே விளக்கமாகச் சொன்னான். புடவையை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்து முடித்தேன். பையில் போட்டுக் கொடுத்தேன்.

பின்கட்டில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பத்து நடை இருக்கும். போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் தீபாவளி சார். நாற்பது டஜன் பாவாடை ஆர்டர் நிற்கிறது. இப்போது சொன்னால் இவள் பெட்டியைக் கட்டிவிடுவாள். சீசன் முடியட்டும் என்று இருந்தேன். தீபாவளி முடிந்தது, பொங்கல் வந்தது. பொங்கல் முடிந்தது, பள்ளிக்கூடம் திறக்கிற சீசன் வந்தது. யூனிபாரம். வியாபாரம் பண்ணுகிறவனுக்குத்தான் தெரியும், சீசன் என்பது ஒன்று முடிந்தால் ஒன்று வந்துகொண்டே இருக்கும். கடைசியில் அவனுக்கு பீஸ் முடிந்துவிட்டது. மறுபடியும் மலைக்கு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் சொல்லி என்ன ஆகப் போகிறது? அவள் மனசை ஏன் புண்ணாக்க வேண்டும்? அதுதான் சொல்லவில்லை.

போன மாசம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். மூக்கில் குழாய். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், "ஏண்ணா, அவரு ஒரு தடவையாவது என்னை வான்னு கூப்பிட்டிருக்கலாம் இல்ல?" நான் என்ன சொல்ல? "மிலிட்டரிக்காரன் புத்தியே அவ்வளவுதாம்மா" என்றேன். அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே. தலையை ஆட்டினாள். நான் சொன்னால் நம்புவாள் சார். சின்னதிலிருந்தே அப்படி.

எல்லாம் போகட்டும். சுகுணாதான் இப்போது எனக்கு... அன்றைக்குப் பந்தலில் படித்துவிட்டு லெட்டரை மடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். படத்துக்குப் போட மாலை எடுத்து வைத்திருந்தாள், அதைத் தொடவில்லை. "நாப்பது வருஷமா அப்பாவ வெறுத்துட்டேன் மாமா. அவர்கிட்ட நேரா முகம் குடுத்துப் பேசினதில்ல. எல்லாம் அம்மாவாலயா? இவங்க வேணாம்னுதானா?" என்றாள். என்னைத்தான் கேட்டாள். என் கண்ணைப் பார்த்து. ஏகாம்பரமும் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன். கோபம் வந்தால் எனக்குச் சோறு இறங்காது.

இன்று காலையில் போன் பண்ணினாள். "மத்தியானம் ஓசூர் கிளம்பறேன் மாமா. முப்பதாம் நாளுக்கு வரமாட்டேன். அம்மா போட்டோவ எடுத்துட்டுப் போன்னு அப்பா சொல்றாரு, எனக்கு வேணாம்." வேணாம் என்று சொல்லும்போது அப்படியே நவநீதம் குரல். இல்லை சார், நவநீதம் வேணாம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லையே. இது யார் குரல்?

ஏகாம்பரத்தை நாலு கேள்வி கேட்கத்தான் கிளம்பினேன். சத்தியமாக. முதல் கேள்வி, தமிழில் விளக்கமாக எழுதத் தெரியாதா உனக்கு? இரண்டாவது... விடுங்க. சுகுணாவிடம் எப்படி ஆரம்பிக்கிறது, நீங்க சொல்லுங்க. படித்தவர். 'அம்மா சுகுணா, ஒரு சின்னக் குழப்பம் நடந்துபோச்சு' என்று ஆரம்பிக்கலாமா? கோபம் வராத மாதிரி. 'மாமாவுக்கும் அப்போ விவரம் தெரியாது' என்று சொல்லிவிட்டால் என்ன? பாதி உண்மைதானே. பாதிக்கு முடித்துக்கொள்ளக் கூடாதா சார்? எத்தனை பேரத்தைப் பாதியில் முடித்திருக்கிறேன்!

தலையை ஆட்டுகிறீங்களே. வேண்டாம் என்கிறீங்களா?

என்ன, கல்லேரியா? அதற்குள்ளேயா? கொஞ்சம் வழி விடுங்க சார். ஏம்மா, கூடையை இழு, கால் வைக்க இடமில்லை. நகருப்பா! எதிர்ப்பக்கம் நிற்கிறது ஓசூர் பஸ்ஸா? மணி என்ன? மத்தியானம் என்றாளே, அதற்குள்... அதோ சார், பச்சைப் பெட்டியோடு ஏறுகிறாளே, அவள்தான். கண்டக்டர், விசில் அடிக்காதே! இறங்கணும்! எங்கேய்யா இறங்குறது, இந்தக் கூட்டத்தில்? ஜன்னலைத் தூக்குங்க சார், இன்னும் தூக்குங்க.

சுகுணா! ஏய் சுகுணா! இந்தப் பக்கம் பாரும்மா! மாமா! ஏறாதே, இறங்கு! உங்கம்மா வேணாம்னு சொல்லலம்மா! கேக்குதா? அவ அனுப்பச் சொன்னா! வேணாம்னு எழுதினது நான்! என்னது? கேக்கலியா? யோவ் டிரைவர், ஆரன அமுக்காதய்யா, நாசமாப் போறவனே! நான் எழுதினேன் சுகுணா! அவளுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது! எனக்குத் தெரியும்! மறு வருஷமே எனக்குத் தெரியும்!